ஐப்பசியை எண்ணி ஆடியில் விதைத்தல்

ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே, எங்கள் உடுமலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சந்திக்கும் இடங்களிலெல்லாம், விதைக்கடை வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் காய் ஏற்றிச் செல்லும் வண்டியின் முன்னாசனத்திலும், ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்: "இந்தப் பட்டத்துக்கு என்னங்க போடறீங்க?" கேட்பவர் அனேகமாகப் பதிலுக்காகக் கேட்பதில்லை என்பதும், சொல்பவர் உள்ளதை முழுவதும் சொல்லிவிடுவதில்லை என்பதும் இருவருக்குமே தெரிந்த ரகசியம். ஆயினும் பட்டணத்து உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பாட்டன் பூமியைத் தேடி வந்திருக்கும் இளைஞர்கள் சிலர், உண்மையாகவே ஒரு விடையை எதிர்பார்த்து அதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதிலும் ஒரு கேள்வியாகவே அமைந்துவிடுகிறது: "ஐப்பசி பத்தாம் தேதி உங்க பயிர் என்ன வயசுல நிக்கும், தம்பி?" அதற்கு விடை சொல்லத் தெரிந்தவனுக்கு ஆடியில் எதை விதைப்பது என்பது தானே விளங்கிவிடும், தெரியாதவனுக்கு எந்த விதையும் ஒன்றுதான்.

ஐப்பசிக்கு இத்தனை மரியாதை ஏன் என்பதை, ஆகாயத்தையும் பூமியையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்க்கும்போது, அந்த மழையின் பெரும்பகுதியை மலைத்தொடர் மறித்துக்கொள்ள, மலை பிளந்து வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயின் மார்க்கமாக எங்களுக்கு வந்து சேருவது காற்றும், மேகமும், அவ்வப்போது ஒரு சாரலும் மட்டுமே. அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சித்திரை வைகாசியில் தகித்த மண் ஆடியில் ஆறிவிடுகிறது. ஆனால் மழையால் சேறாவதில்லை. பிறகு ஐப்பசி பிறந்த சில நாட்களில், அதாவது அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டி, வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறைய பாதியை இந்த ஒரு பருவமே கொடுத்துவிடுகிறது. ஆடி முதல் தேதிக்கும் ஐப்பசி முதல் தேதிக்கும் இடையில் இருப்பவை சுமார் 93 நாட்கள். இந்த 93 நாட்களுக்குள் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும் பயிர் எது, அதற்குள் தண்டு முற்றி மழையைத் தாங்கும் பக்குவத்தை அடையும் பயிர் எது, மழையைக் கடந்து பனிக்காலத்துக்காகவே காத்திருக்கும் பயிர் எது என்று பிரித்து அறிவதே ஆடிப்பட்டத்துக் காய்கறிக்காரனின் முதல் வித்தை.

பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்களை நான் பரிகசிக்கிறவன் அல்லன். மேல்நோக்கு நாளில் காய்க்கும் விதையையும் கீழ்நோக்கு நாளில் கிழங்கையும் ஊன்ற வேண்டும் என்று என் தகப்பனார் விடாமல் அனுஷ்டித்தார். அதனால் அவருக்கு நஷ்டம் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நல்ல நாளுக்காகக் காத்திருந்து மண்ணின் ஈரத்தைப் போக்கடித்துக்கொண்டவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரமும் நல்ல நாளும் ஒருங்கே வாய்த்தால் சந்தோஷம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும் என்றால் ஈரத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

மேற்சொன்ன கணக்குக்கு முற்றிலும் இசைந்து வருவது வெண்டை. ஆடி பத்தில் ஊன்றிய விதை நாற்பத்தைந்து நாட்களில், ஆவணிக் கடைசியில், முதற்காயைக் கொடுக்கும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துக்கொண்டே போனால், செடியின் தொண்ணூறு அல்லது நூறு நாள் ஆயுள் தீர்வதற்கும் ஐப்பசி மழை இறங்குவதற்கும் சரியாக இருக்கும். இடையில் வரும் புரட்டாசி மாதம் முழுவதும், புலால் உண்பவர்களில் பெரும்பாலோர் அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் காய்கறியை நாடுகிற மாதமாகையால், சந்தையில் வெண்டைக்குக் கிராக்கி குறைவதே இல்லை. மாசி பங்குனியில் விதைக்கும் வெண்டைக்கு, வெயிலில் பெருகும் வெள்ளை ஈயினால் மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் நோய் வந்து, இலை நரம்புகள் மஞ்சள் வலைபோல் பின்னி, காயும் வெளிறிப் போய்விடுகிறது. ஆடியின் குளிர்ச்சியில் அந்த உபத்திரவம் எங்கள் பக்கத்தில் சற்றே தணிந்திருக்கும். தணிந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன், இல்லாமற் போகும் என்று சொல்லவில்லை.

இந்த நோயைப் பற்றிச் சொல்லும்போது பூசா சவானியை மறக்க முடியாது. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 1960-ஐ ஒட்டி வெளியிட்ட அந்த ரகம், இந்த நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் என்ற பெருமையோடு தேசமெங்கும் பரவியது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் வெண்டை விதை என்றாலே பூசா சவானி என்றுதான் அர்த்தம். சில ஆண்டுகளில் அதன் எதிர்ப்புச் சக்தி தேய்ந்து, பிற ரகங்களைப் போலவே அதுவும் நோய்க்கு ஆட்பட்டது. பிறகு பர்பானி கிராந்தி வந்தது. பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா அனாமிகா வந்தது. இப்போது கம்பெனிகளின் ஒட்டு ரகங்கள் ஆண்டுக்கொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. எந்த ரகமும் சாசுவதமன்று. ஆகையால் பத்தாண்டுகளுக்கு முன் எந்த வெண்டை நன்றாக இருந்தது என்று கேட்டு அறிவதில் பிரயோஜனம் இல்லை. சென்ற ஆண்டு ஆடியில், நம்மைச் சுற்றியுள்ள பத்து மைலுக்குள், எது பச்சையாக நின்றது என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

வெண்டைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. காய் பறிக்க ஆள் வேண்டும். அதுவும் தவறாமல் வேண்டும். ஒருநாள் தவறினால் காயில் நார் ஏறி, நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் வீட்டுப் பெண்களிடம் அது விலைபோகாது. வெண்டையின் சுணை கையை அரிப்பதனால், பறிக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, விடியற்காலையில் வயலில் இறங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் நெடுநாள் காய் பறித்த ஒரு பாட்டியம்மாள், புதிதாக ஒன்றரை ஏக்கரில் வெண்டை போட்டிருந்த பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம், "ஏஞ்சாமி, காய் வந்துபோடும், பறிக்கறதுக்கு நீங்களும் உங்க சம்சாரமும் மட்டுந்தானே இருக்கறீங்க?" என்று கேட்டார். வேளாண்மை நூல்களில் நான் காணாத கேள்வி அது. எந்தக் காயைத் தேர்ந்தெடுப்பது என்ற யோசனையில், நிலமும் நீரும் பருவமும் போலவே, காலை ஐந்து மணிக்கு வயலில் வந்து நிற்கக்கூடிய கைகள் எத்தனை என்பதும் சேர வேண்டும்.

கொத்தவரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்ணூறு நாள் பயிர், வறட்சியைத் தாங்கும், வேரில் நீர் தேங்குவதை மட்டும் தாங்காது. ஆடி முதல் வாரத்தில் விதைத்துவிட்டால் மழைக்கு முன் காசாக்கிக்கொண்டு நிலத்தைக் காலிசெய்துவிடலாம். சின்ன வெங்காயம் அப்படிச் சுலபமாகச் சொல்லிவிடத் தக்கதன்று. அதன் வயது எழுபது நாட்கள். ஆடி முதல் வாரத்தில் ஊன்றினால் புரட்டாசி நடுவில் பிடுங்கிவிடலாம். ஆடிப்பெருக்கன்று ஊன்றுவது மங்களகரம் என்று பதினெட்டாம் தேதிவரை காத்திருப்பவர்களுக்கோ, பிடுங்கும் நாள் புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளிப் போய்விடுகிறது. வெங்காயத்தின் விஷயத்தில் பிடுங்குவதோடு காரியம் முடிவதில்லை. தாளோடு நிழலில் உலர்த்தி, கழுத்து நன்றாகச் சுருங்கிய பிறகே பட்டறை போட முடியும். அந்தச் சில நாட்களில் ஒரு மழை விழுந்தால், வயலில் தப்பிய காய் பட்டறையில் அழுகும். ஆகவே வெங்காயம் போடுகிறவர் அறுவடை நாளோடு உலர்த்தும் நாட்களையும் கூட்டிக் கணக்குப் பார்த்து, ஆடியின் தொடக்கத்துக்கு முந்திக்கொள்வதே உத்தமம். முந்த முடியாமற் போனால் அந்த ஆண்டு அதை விட்டுவிட்டு, மழை ஓய்ந்த பிறகு வரும் பட்டத்துக்கு ஒத்திப் போடலாம்.

தக்காளியைக் குறித்து எனக்கும் என் மைத்துனருக்கும் பல ஆண்டுகளாகத் தர்க்கம் நடந்துகொண்டிருக்கிறது. ஆடியில் நாற்றுவிட்டு, இருபத்தைந்து நாளில் பிடுங்கி நட்டால், பழம் சிவக்கத் தொடங்குவது ஐப்பசியின் வாயிலில். மழை விழுந்ததும் வேர் திடீரென்று நீரை இழுக்க, தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் பழம் வெடிக்கிறது, இலைக்கருகல் வருகிறது, தரையில் படிந்த கொத்துகள் அழுகுகின்றன. இதனாலேயே ஐப்பசி கார்த்திகையில் சந்தைக்குத் தக்காளி வரத்துக் குறைந்து, பதினான்கு கிலோப் பெட்டியின் விலை பல ஆண்டுகளில் திடீரென்று ஏறுகிறது. "எல்லாத்துக்கும் அழுகினாத்தானுங்க மாமா நமக்கு வெலை" என்பது மைத்துனரின் சித்தாந்தம். குச்சி நட்டு, கம்பி இழுத்து, செடியைத் தரைபடாமல் தூக்கிக் கட்டி, வடிகாலுக்கு மேட்டுப்பாத்தியும் போட்டு, மழையினூடே தக்காளியைக் காப்பாற்றிவிடுகிறவருக்கு அந்த விலை கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அத்தனை முதலீட்டையும் ஒரே புயல் சின்னம் மூன்று நாளில் தீர்த்துவிடக்கூடும் என்பதும் பிரத்தியட்சம். சூதாட்டத்துக்கு மனமும் பணமும் உள்ளவர்கள் ஆடட்டும். என்னைப் போன்றவர்களுக்கு ஆனி முதல் வாரத்தில் நாற்றுவிட்டு ஆடி பிறக்கும்போது நட்டு, ஆவணிக் கடைசி தொடங்கிப் புரட்டாசி முழுவதும் பழம் எடுப்பதே நிம்மதி.

கத்தரியின் சுபாவம் வேறு. முப்பது அல்லது முப்பத்தைந்து நாள் நாற்றங்காலிலும், நட்டபின் இரண்டு மாதமும் கழித்தே காய் காட்டுகிற பயிராகையால், ஆடியில் நாற்றுவிட்டவர் முதற்பறிப்பை ஐப்பசியில்தான் காண்பார். ஆனால் அதற்குள் தண்டு கட்டை பிடித்து, வேர் ஆழமாக இறங்கி, செடி மழையை எதிர்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதன் காயும் தக்காளியைப் போல வெடிப்பதில்லை. மழையின்போது பூ கொஞ்சம் உதிரும். அதைப் பொறுத்துக்கொண்டால், மழை ஓய்ந்த கார்த்திகையில் செடி புதுத்துளிர் விட்டு, தைப் பொங்கல் வரையிலும் அதைத் தாண்டியும் காய்த்துக்கொண்டிருக்கும். ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் ஊர்ப்பற்று அவசியம். பச்சை வரிக் கத்தரி வாங்கும் ஊரில் ஊதா நீளக் கத்தரியைக் கொண்டுபோய் வைத்தால், காய் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் கேட்பாரற்றுக் கிடக்கும். வேலூரார் முள்ளுக்கத்தரியின் ருசியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள், எங்கள் சந்தையிலோ அதை ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் ஒரே குடும்பத்தவை என்பதையும் மறக்கலாகாது. ஒன்று நின்ற நிலத்தில் மற்றொன்றை உடனே வைத்தால், மண்ணில் தங்கியிருக்கும் வாடல் நோய் புதுப்பயிரையும் பிடித்துக்கொள்ளும்.

இனி அவரைக்கு வருகிறேன். ஆடிப்பட்டம் என்ற ஏற்பாட்டின் நுட்பம் முழுவதும் எந்தப் பயிரில் வெளிப்படுகிறது என்று கேட்டால், பந்தலவரையைத்தான் காட்டுவேன். பழைய நாட்டுப் பந்தலவரையைச் சித்திரையில் ஊன்றிப் பாருங்கள்: கொடி ஓடும், இலை அடரும், பந்தல் இருண்டுபோகும், ஆனி, ஆடி, ஆவணி என்று மாதங்கள் கழியும், ஒரு பூங்கொத்தும் தலைகாட்டாது. உரம் போதவில்லை என்று உரம் வைத்தால் இன்னும் நாலு முழம் கொடிதான் நீளும். புரட்டாசி கழிந்து ஐப்பசி வரும்போது, அதே கொடி யாரும் சொல்லாமலே பூக்கத் தொடங்கும். ஆடியில் ஊன்றிய கொடியும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் பூக்கும். விதைத்த நாளுக்கும் பூக்கும் நாளுக்கும் சம்பந்தமே இல்லையோ என்று தோன்றும். என் பாட்டனார், எங்கள் வழக்கில் அப்பாரு, இதை "அவரைக்குப் பனி வாசம் தெரியும்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அவரைக்குத் தெரிவது பகலின் நீளம், இன்னும் சரியாகச் சொன்னால் இரவின் நீளம். பூப்பதைப் பகற்பொழுதின் அளவு தீர்மானிக்கக்கூடும் என்பதை அமெரிக்க அரசாங்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரு விஞ்ஞானிகள், கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தை ஆராய்ந்து, 1920-இல் வெளியிட்டார்கள். எங்கள் அட்சரேகையில் ஆனி மாதத்துப் பகல் ஏறக்குறைய 12¾ மணி நேரம். மார்கழியில் அது 11½ மணியாகக் குறைகிறது. வட தேசங்களில் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம்; மனிதர்கள் கவனிக்கவே மாட்டார்கள். அவரைக் கொடி கவனிக்கிறது. எங்கள் ஊரில் ஒரு வீட்டு வேலியோரம் புதிய தெருவிளக்கு வந்த ஆண்டு, விளக்கின் நேர்கீழே இருந்த கொடிப்பகுதி இலையாகவே நிற்க, பத்தடி தள்ளி இருட்டில் கிடந்த பகுதி வழக்கம்போல் பூத்துக் காய்த்ததை நான் நேரில் கண்டேன். அந்த வீட்டம்மாள் யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நியாயம் விளங்கினால் ஆடியின் பொருத்தம் விளங்கும். பூக்கும் காலம் ஐப்பசி என்று முன்பே நிச்சயமாகிவிட்டபடியால், விதைக்கிறவன் தீர்மானிக்கக்கூடியது பூக்கும்போது கொடி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டுந்தான். சித்திரையில் விதைத்தால் வீணாக மாதக்கணக்கில் நீர் கட்ட வேண்டும். புரட்டாசியில் விதைத்தால் கொடி முழங்கால் உயரத்திலேயே பூத்து, நாலு கொத்தோடு நின்றுவிடும். ஆடியில் விதைத்தால் பந்தல் நிரம்புவதற்கு வேண்டிய இரண்டரை மாதம் கிடைத்து, நிரம்பிய வேளையில் பூ வருகிறது. காய் மார்கழி, தை என்று பனிக்காலம் முழுவதும் தொடர்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் செடியவரை ரகங்கள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. ஆண்டு முழுவதும் எப்போது விதைத்தாலும் காய்க்கும். வியாபாரத்துக்கு அவை மிகவும் சௌகரியமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனியில் விளைந்த பந்தலவரையின் மணம் அவற்றில் இல்லை என்பதைச் சமைத்துப் பார்த்தவர்களே சொல்லட்டும். பந்தலவரை வைக்கிறவர்கள் மார்கழிப் பனியில் கொழுந்தில் அப்பும் அசுவினிக்கு மட்டும் முன்கூட்டியே வேப்பெண்ணெய்க் கரைசலோடு தயாராக இருக்க வேண்டும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகிய கொடிக்காய்களுக்கும் பகலின் நீளத்தோடு ஓர் உறவு உண்டு. அது வேறு விதமானது. இவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. நீண்ட பகலும் கடும் வெப்பமும் ஆண்பூவை மிகுவிக்கின்றன; குறுகும் பகலும் குளிர்ந்த இரவும் பெண்பூவை மிகுவிக்கின்றன. பெண்பூதான் காயாகும் என்பதால், ஆடியில் விதைத்து ஆவணிக் கடைசியில் பூக்கத் தொடங்கும் கொடி, கோடைக்கொடியைக் காட்டிலும் நன்றாகக் காய்ப்பதில் ஆச்சரியமில்லை. எல்லாக் கொடியிலும் முதலில் வருபவை ஆண்பூக்களே. அவை உதிர்வதைக் கண்டு பதறி மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் பிரதேசத்தில் இந்தக் கொடிகளுக்குப் பெரும் சத்துரு ஆடிக்காற்று. இளங்கொடி பந்தலைப் பிடிக்கும் முன்பே காற்று அதைப் பிடித்துவிடும். பற்றுக்கம்பி அறுந்து, கொழுந்து முறுக்கிக்கொண்டு, வளர்ச்சி பதினைந்து நாள் பின்வாங்கிவிடும். அதனால் நிலத்தின் மேற்கு எல்லையில் ஆனி மாதத்திலேயே மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக விதைத்து, ஆடி முற்றுவதற்குள் அதை ஒரு மதிலாக எழுப்பிவிடுகிறோம். இந்த மதில் வெள்ளை ஈயையும் ஓரளவு தடுக்கிறது. கதிர் மாட்டுக்கு ஆகிறது. மேற்கில் தென்னந்தோப்பு அமைந்தவர்கள் பாக்கியசாலிகள். மதிலும் இல்லை, தோப்பும் இல்லை என்றால் ஆடி கடைசிவரை பொறுத்து, காற்றின் வேகம் தணிந்து வரும்போது விதைப்பதே நல்லது. பத்து நாள் பிந்துவதால் வரும் நஷ்டம் காற்றினால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு. புடலைக்கு இளம்பிஞ்சிலேயே நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் வளையாமல் நேராக இறங்கும். வளைந்த புடலைக்கு வண்டியில் இடமும் கிடையாது, மண்டியில் விலையும் கிடையாது. பாகலுக்குப் பழ ஈ ஒரு தீராத தொல்லை. மழைக்குப் பின் அது பெருகும். தாக்கிய காயைக் கொடியிலேயே விட்டுவைக்காமல் பறித்து ஆழப் புதைப்பதை ஒவ்வொரு பறிப்பிலும் செய்கிறவருக்குத்தான் பாகல் லாபம் தரும்.

வெண்பூசணியைப் பற்றிய ஒரு தப்பெண்ணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆயுத பூஜைக்குக் கடைதோறும் பூசணி உடைப்பதைப் பார்த்துவிட்டு, ஆடிப்பட்டத்தில் பூசணி போட்டால் நல்ல விலைக்கு விற்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பூசணி முற்றுவதற்கு ரகத்தைப் பொறுத்து 120 முதல் 150 நாட்கள் ஆகும். ஆடி முதல் தேதி விதைத்தாலும் கார்த்திகைக்கு முன் சாம்பல் பூத்த காய் கிடைக்காது. ஆயுத பூஜைக்கு வேண்டியவர் வைகாசியிலோ ஆனித் தொடக்கத்திலோ விதைத்திருக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மழை சூரியனைப் பின்பற்றுகிறது. நம் தமிழ் மாதங்களும் சூரியனைப் பின்பற்றுகின்றன. ஆகையால் ஆடியும் ஐப்பசியும் மழையோடு ஆண்டுதோறும் பொருந்தி நிற்கின்றன. பண்டிகைகளில் பல திதியைப் பின்பற்றுபவை. ஆகவே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆயுத பூஜை 2023-இல் அக்டோபர் 23-ஆம் தேதியும், 2024-இல் 11-ஆம் தேதியும், 2025-இல் முதல் தேதியும் வந்தது. மூன்றே ஆண்டுகளில் மூன்று வாரம் முன்னேறிவிட்ட ஒரு நாளுக்காக, ஒரே தேதியில் விதைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மழைக்காக மாதத்தைப் பார், சந்தைக்காகத் திதியைப் பார் என்று இளைஞர்களுக்குச் சொல்வதுண்டு. ஆடியில் போட்ட பூசணியும் வீணாவதில்லை. நன்கு முற்றி வெண்பொடி படிந்த காய் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்குமாதலால், அவசரமில்லாமல் காசி அல்வா செய்கிறவர்களுக்கு விற்கலாம். எங்கள் பக்கத்தில் அரசாணிக்காய் என்று சொல்லப்படும் மஞ்சள் பூசணியைப் பொங்கலுக்கு உத்தேசிப்பவர் ஆடியை விட்டுவிட்டு ஆவணிக் கடைசியில் விதைப்பது சரியாக இருக்கும்.

சந்தையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. எங்கள் காய்களில் கணிசமான பங்கு ஒட்டன்சத்திரம் வழியாகவோ நேராகவோ கேரளத்துக்குப் போகிறது. ஓணம் ஆவணியில் வருகிறது. ஆடியில் விதைத்ததில் கீரையைத் தவிர அனேகமாக எதுவும் அதற்கு எட்டாது. புரட்டாசியின் விரதமும், கார்த்திகை முதல் சபரிமலைக்கு மாலை போடுவோரின் விரதமும் எங்களுக்கு எட்டும். அந்தக் கார்த்திகை மார்கழியில்தான் முருங்கையின் பூ மழையில் உதிர்ந்துவிடுவதால் காய் அருமையாகி, விலை கேட்டாலே தலைசுற்றும். அதைப் பார்த்துவிட்டு மறு ஆண்டு எல்லோரும் முருங்கை வைப்பார்கள். சென்ற ஆண்டு எதற்கு விலை வந்ததோ அதையே இந்த ஆண்டு ஊர் முழுவதும் விதைக்கிற இந்த வழக்கத்தைப் போல விவசாயிக்குத் தீங்கு செய்வது வேறொன்றும் இல்லை என்று நினைக்கிறேன். இதற்கு நான் கையாளும் உபாயம் எளியது. ஆனிக் கடைசியில் நாற்றுப்பண்ணைகளை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். குழித்தட்டுகளில் எந்த நாற்று அதிகமாக நிற்கிறது, யார் எத்தனை ஆயிரம் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டு அறிந்துகொள்வேன். தக்காளி நாற்று எல்லை மீறிக் கிடந்தால் கத்தரிக்குத் திரும்பிவிடுவேன். நாற்றுப்பண்ணைக்காரர்களுக்குப் புரட்டாசிச் சந்தை ஆனியிலேயே தெரிந்துவிடுகிறது.

நிலத்தையும் நீரையும் குறித்துச் சுருக்கமாகவே சொல்கிறேன். செம்மண் நிலம் மழையை வடித்துவிடும். அதில் மழைக்காலத்திலும் காய் நிற்கும். கரிசல் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கரிசல்காரர் மழைக்குமுன் முடியும் பயிரை வைத்துக்கொண்டு, ஐப்பசியில் அந்த நிலத்தைக் கொண்டைக்கடலைக்கோ கொத்தமல்லிக்கோ விட்டுவிடுவது மேல். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலை நம்பியிருப்போர், நான்கு மண்டலங்களில் தம் மண்டலத்துக்கு இந்த ஆண்டு முறை உண்டா என்று தெரிந்துகொள்ளாமல் நாற்றுக்குச் சொல்லிவைக்கக் கூடாது. கிணற்றை நம்பியிருப்போர், ஆடியில் கிணற்றில் நிற்கும் நீர் ஐப்பசிவரை வரவேண்டிய நீர் என்பதை நினைத்து, அந்த அளவுக்கே ஏக்கரைத் தீர்மானிக்க வேண்டும். காற்றடிக்கும் மாதத்தில் நீர் வெயில் மாதத்துக்குச் சமானமாகச் செலவாகும்.

முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றைச் சமவெளியில் ஆடியில் தொடவேண்டியதில்லை. முள்ளங்கி வெப்பத்தில் காரம் ஏறிவிடும். மற்றவற்றை ஆவணியிலோ புரட்டாசியிலோ விதைத்தால் பனியில் நன்றாக வரும்.

விதை விஷயத்தில் வீட்டு விதைக்கும் கடை விதைக்கும் உள்ள சண்டையில் நான் நடுநிலையில் இருக்கிறேன். அவரை, சுரை, பீர்க்கு, புடலை ஆகியவற்றுக்கு, கொடியின் நடுப்பகுதியில் நன்கு உருண்டு திரண்ட காயை முற்றவிட்டு எடுத்த சொந்த விதையே போதும். பீர்க்கையும் சுரையையும் கூட்டோடு காயவைத்து அடுப்படி உத்தரத்தில் தொங்கவிட்டால் புகை பட்டு வண்டு அணுகாது. ஒட்டு ரகக் காயிலிருந்து விதை எடுத்தால் மறுதலைமுறையில் நூறு செடி நூறு விதமாக வரும். அந்தப் பரிசோதனை வேண்டாம். கொடிக்காய் விதைகள் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும். வெங்காய விதையோ ஓர் ஆண்டைக் கடந்தால் நம்பத் தகுந்ததன்று.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். படத்தில் இருக்கும் காயின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், பாக்கெட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பரிசோதனைத் தேதியையும் காலாவதித் தேதியையும் முளைப்புத் திறனையும் படித்துவிட்டு, ரசீதோடு வாங்குங்கள். வாங்கியதில் இருபது விதையை ஈரச்சாக்கில் சுற்றிவைத்து, முளைப்பதைப் பார்த்த பின்பே மீதியை வயலுக்குக் கொண்டுபோங்கள். அதற்கு வேண்டிய ஒரு வாரத்தை ஆனியிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஆடியில் அந்த ஒரு வாரம் கிடைக்காது.